விமானம் இறங்கும்வரை

…பத்து நிமிஷம்தானே, பத்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தபோதே அது தன்னுடைய நினைப்பு இல்லை, ஓடுதளத்துப் பொறுப்பிலிருக்கும் ராஜாங்கம் சார் சற்றுமுன் சொன்னதுதான் தன் மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது என்று இன்னாசிராஜுக்குத் தோன்றியது, ஆனாலும் ஆம்புலன்ஸ் கதவில் வைத்த கையை அவன் எடுக்கவில்லை, திறக்கவும் இல்லை. ஓடுதளத்தின் ஓரமாக, அறுத்துப் போட்ட புல்லின்மேல், புல்லறுக்க வந்த வீரம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். நேற்றே முடிந்திருக்க வேண்டிய வேலை, மழை வந்து கெடுத்துவிட்டது, அதனால் விடிந்ததும் விடியாததுமாகப் புல்லறுக்கும் பெண்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள், விமானத்தில் வருகிறவர்கள் கண்ணுக்குத் தரை சுத்தமாகத் தெரியவேண்டுமாம்… நல்லபாம்பு, கணுக்காலுக்கு மேலே. கூட அறுத்த தனகோடி அது படமெடுத்ததைப் பார்த்திருக்கிறாள். முந்தானையைக் கிழித்துக் காலை இறுக்கிக் கட்டியதும் அவள்தான். "பேசிக்கினேதான் இருந்தா அண்ணா, இப்ப நாக்கு கொழறுது, கண்ணத் தொறக்க முடியலன்றா." அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை, அதட்டவாவது செய்திருக்கலாம்.

"சார், போய் எறக்கிட்டு ஒடனே வந்துடறன்."

"சொன்னாப் புரிஞ்சுக்க இன்னாசி," ராஜாங்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "பிளேன் இறங்கறப்ப ஆம்புலன்ஸ் இங்க நிக்கணும், அதான் ரூல். உள்ள வெளிநாட்டுக்காரங்க இருக்காங்க. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா நான் பதில் சொல்லணும், நீயும்தான்."

கொட்டகை நிழலில் மூன்று கார்கள் கழுவித் துடைத்து நின்றன, இருக்கைகளுக்கு வெள்ளை உறை, அதில் ஒன்றைக் கேட்கலாமா… கேட்டுப் பார்த்தாகிவிட்டது, விருந்தாளிகளுக்காக நிற்கிற வண்டி என்றார்கள், அந்த டிரைவர்கள் இப்போது இந்தப் பக்கமே பார்ப்பதில்லை. விருந்தாளிகளுக்கு முதலில் சுரங்கம், பிறகு பிச்சாவரம், உப்பங்கழியில் படகு, சுரபுன்னைக் காட்டுக்குள் இளநீர், சாப்பாடு, மற்ற வண்டி, ஆள் எல்லாம் முன்னாலேயே அங்கே போய்விட்டது. இனிமேல் வாராவாரம் விமானம் வரும், தேசம் தேசமாக அந்தக் காட்டைப் பார்க்க இங்கே வந்து இறங்குவார்கள், ஓடுதளத்தை இரண்டு பங்கு நீளமாக்கப் போகிறார்கள் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள், பேசிக்கொண்டபோது அவனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, விமானம் வந்தால் ஆம்புலன்ஸ் வேண்டும், ஆம்புலன்ஸ் என்றால் டிரைவர் வேண்டும், ஐந்து வருஷமாகக் கான்ட்ராக்டில் சுரங்கத்துக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவனுக்கு இந்த மாதம் பெர்மனென்ட் ஆகப்போகிறது. பெண்டாட்டி சகாயமேரி கிடைக்கப்போகும் குவார்ட்டர்ஸை வெளியிலிருந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், பூட்டியிருந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், அடுப்படி நல்ல பெருசாக்கீது என்றாள், மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போய்த் தன் அம்மாவிடமும் சொல்லிவிட்டாள்… இந்த வீரம்மாளுக்கு யார் இருக்கிறார்கள்? கேட்கவில்லை. கேட்கவேண்டாம். கேட்டால் தெரிந்துவிடும்.

சத்தம் வந்தது. கிழக்கே வெள்ளையாக ஒரு புள்ளி, பெரிதாகி, இறக்கை தெரிந்து, அப்பாடா, இதோ இறங்கிவிடும், இறங்கி நின்றதும் கிளம்பிவிடலாம்… விமானம் இறங்கவில்லை. சாய்ந்து தெற்கே திரும்பியது. ராஜாங்கம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சுரங்கத்த மேலேருந்து சுத்திக் காட்டறாங்க. ரெண்டு ரவுண்டு அடிச்சிட்டு வந்துடுவாங்க." வீரம்மாளின் வாயோரம் எச்சில் வழிந்தது. தனகோடி அதைப் புறங்கையால் துடைத்துவிட்டாள், குழந்தைக்குத் துடைப்பதுபோல, துடைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

எப்படித் திறந்தான், யார் தலைப்பக்கம் பிடித்தார்கள், ராஜாங்கம் பின்னாலிருந்து என்ன சொன்னார், எதுவும் நினைவில் இல்லை, வண்டி மண்ணில் குதித்துத் தார்ச்சாலையில் ஏறியபிறகுதான் தான் ஓட்டிக்கொண்டிருப்பதே அவனுக்குத் தெரிந்தது. நேர்சாலை, இரண்டு பக்கமும் இடுப்பளவுச் செடிகள், ஒரே மாதிரி வீடுகள், பிளாக் பிளாக்காக, ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர்கள் ஒதுங்கினார்கள். பின்னால் தனகோடி விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். "வீரம்மா, தா, தூங்காதடி, வந்துட்டம், ஒம் பொண்ணு பள்ளிக்கூடம் வுட்டு வர்ற நேரத்துக்கு வூட்ல இருக்கலாம்டி…" பெண் இருக்கிறாள். தெரிந்துவிட்டது. என்ன வயது? மாதாவே, இந்த ஒருத்தியை மட்டும் காப்பாத்திக் குடு, இவள் எழுந்து உட்கார்ந்துவிட்டால் யாரும் எதுவும் சொல்லமுடியாது, ஒரு உயிரைக் காப்பாற்றினான் என்றுதான் சொல்லியாகவேண்டும், பேப்பரில்கூடப் போடுவார்கள்… வேண்டிக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் தன் வேண்டுதலே தனக்குக் கேட்டதுபோலச் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இறக்கினார்கள். டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணில் விளக்கு அடித்தார், மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு நர்ஸம்மாதான் சொன்னாள், "மூச்சு நின்னு கொஞ்ச நேரம் ஆயிடுச்சு போலங்க." எங்கே நின்றிருக்கும்? தார்ச்சாலை ஏறும்போதா, சைக்கிள்கள் ஒதுங்கிய இடத்திலா? தனகோடி கடைசிவரை பேசிக்கொண்டுதானே வந்தாள். தனகோடி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அவன் வண்டியை எடுத்தான்.

திரும்பி வரும்போது சாலை நீளமாக இருந்தது. விமானம் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தது, கார்கள் போய்விட்டிருந்தன. ராஜாங்கம் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லபடியா இறங்கிட்டாங்க," என்றார். "அந்தப் பொம்பளை?"

"செத்துட்டாங்க சார்."

அவர் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆம்புலன்ஸ் எங்கேன்னு அவங்களோட வந்த பெரிய ஆபீசர் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார். நான் உன்மேல ரிப்போர்ட் எழுதித்தான் ஆகணும்பா. பொழைச்சிருந்தாலாவது நாலு வார்த்தை சேத்துச் சொல்லியிருப்பேன்."

பொழைச்சிருந்தாலாவது… இதே வார்த்தையைத்தான் வழி முழுக்கத் தானும் சொல்லிக்கொண்டு வந்தோம் என்பது அவர் வாயால் கேட்டபோதுதான் தெரிந்தது. கோபம்கூட வந்ததே, யார்மேல்? இவர்மேல் இல்லை, விமானத்தின்மேலும் இல்லை, பின்னால் படுத்திருந்தவள்மேல், இன்னும் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கக் கூடாதா என்று. ஓடுதளத்தின் அந்தக் கோடியிலிருந்து மற்றப் பெண்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வந்தார்கள், மாரியம்மாள் முன்னால் நின்றாள், அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் கையைத் தொட்டாள். "நீயாவது மனசு வச்சி ஏத்திக்கினு போன சாமி. அவ பொண்ணுகிட்ட சொல்றம்." சொல்லவேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான், கண் நிறைந்து வழிந்தது, பெண்கள் அதைப் பார்த்து அழ ஆரம்பித்தார்கள், அவர்கள் நடுவே நின்று அழுதுகொண்டிருந்தபோது, இது அவளுக்காகத்தானா என்று அவனுக்கே தெரியவில்லை.