தூக்குவாளிப் பாக்கி

நான் ஐயம்பெருமாள் அண்ணாச்சிக்குக் கொடுக்க வேண்டியது நானூற்று எண்பத்திரண்டு ரூபாய். அப்படித்தான் அவர் சொன்னார். பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு அவர் வந்த அன்றே, என் சாப்பாட்டுத் தூக்குவாளியைக் கண்டு கத்தினார்.

"ஏட்டி, இது நம்ம கடைச் சரக்குல்லா? நானூத்தி எம்பத்திரெண்டு பாக்கிய வச்சிட்டு எங்கன ஓடுத?"

ஏரலில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கடை போய், ஞாபகமும் போய்விட்டது. பாக்கிக்காரர்கள் மட்டும் மிச்சம். அந்தத் தூக்குவாளி நான் வண்ணார்பேட்டையில் ரொக்கத்துக்கு வாங்கியது.

எங்கள் மாடியில் கிடப்பவர்களில் பாதிப்பேர் தாங்களாகப் புரள முடியாதவர்கள். நானும் நர்ஸ் கிறிஸ்டியும் பார்க்கிறோம். எங்கள் கைக்கு வந்தபிறகு ஒருவருக்கும் முதுகில் புண் வந்ததில்லை. பீடி சுற்றி, சித்தாளாக மண் சுமந்து, இடுப்பு விட்டுப்போனபின் பழகிய வேலை இது. ஆனாலும் இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்யும்.

அண்ணாச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே இடுப்பெலும்புக்கு மேலே தோல் சிவந்திருந்தது. அது புண்ணாகிவிடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். யார் தொட்டாலும் அடித்தார். என்னை மட்டும் அடிக்கவில்லை. கடன்காரி ஓடிவிடுவாள் என்று மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். எனக்கு அது போதும். பிடித்த கையைப் பைய என் பக்கம் இழுப்பேன், ஆளும் கூடவே புரண்டு வருவார். மறுகையால் முதுகுக்குத் தலையணை வைப்பேன்.

"எப்பட்டி தருவ?"

"சம்பளம் வந்ததும் தாரேன் அண்ணாச்சி."

"போன மாசமும் இதத்தான சொன்ன?"

கிறிஸ்டி சிரிப்பாள். "வயசான மனுசன இப்படி ஏமாத்துதியே இசக்கி, நீ வெளங்குவியா?"

ஒருநாள் அவர் மகள் சித்ரலேகா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். அப்பா என்னை ஏசுவதைக் கேட்டு அவளுக்கு முகம் சுண்டிப்போனது. பையைத் திறந்து ரூபாயை எண்ணி அவர் கையில் வைத்தாள்.

"அப்பா, இந்தாங்க, இந்த அக்கா பாக்கி. கணக்கு முடிஞ்சிட்டு."

அவரும் எண்ணிப் பார்த்துத் தலையணைக்கடியில் வைத்தார். நல்ல மனசோடு செய்தாள். எனக்குமே தலைவலி விட்டது என்றிருந்தது.

அடுத்த தடவை புரட்டக் கையை நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை.

"யாருட்டி நீ? ஒனக்கும் எனக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்?"

தோளைத் தொட்டேன், கன்னத்தில் ஒன்று விழுந்தது. அன்று முழுக்க ஒருத்தரையும் அண்டவிடவில்லை. மறுநாள் பார்த்தால் சிவப்பு கறுத்திருந்தது.

"இன்னைக்கும் பொரட்டலன்னா தோலு உரிஞ்சிரும்," என்றாள் கிறிஸ்டி. "கையக் கட்டிப் பொரட்டுவமா?"

"கட்டிப்போட்டுப் பாக்கதுக்கு நான் எதுக்கு?" என்றேன்.

தூக்குவாளியைக் கழுவித் துடைத்து அவர்முன் நீட்டினேன்.

"அண்ணாச்சி, மகளுக்குக் கல்யாணம். இதே மாதிரி இன்னொண்ணு வேணும். கையில துட்டில்ல."

விரல் முட்டியால் தட்டி ஓசை கேட்டார். "பழைய பாக்கி?"

"தீத்தாச்சே. தலவாணிக்கடியில பாருங்க."

தடவிப் பார்த்தார். ரூபாய் இருந்தது.

"நாணயமான ஆளுதான். கொண்டு போ. அதே வெலதான், நானூத்தி எம்பத்திரெண்டு." சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தார். இழுத்தேன். புரண்டார். பின்னால் நின்ற கிறிஸ்டி சத்தமில்லாமல் தலையணையைச் செருகினாள்.

அந்தக் கடன் ஆடி முழுக்க ஓடியது. கறுப்பு சிவப்பாகி, சிவப்பும் மங்கியது. ஒரு காலையில் கிறிஸ்டி விரலால் அழுத்திப் பார்த்து, "தோலு தேறிட்டு இசக்கி," என்றாள். எனக்கு இடுப்புவலி கூடத் தெரியவில்லை.

வெந்நீரில் துணி நனைத்து அவர் முதுகைத் துடைத்தேன். என் இடதுகை வழக்கம்போல அவர் பிடியில் இருந்தது.

"தெனமும் முதுகு தொடைக்கியே, கூலி வாங்குதியா?" என்று கேட்டார்.

"நீங்க ஒண்ணும் தரலையே அண்ணாச்சி."

உதடு அசைய ஏதோ கணக்குப் பார்த்தார்.

"அப்ப ஒம் பாக்கி அதுல கழிஞ்சிட்டு. போ."

கையை விட்டுவிட்டார். மறுபடி அந்நியமாகிவிட்டேனோ என்று துணியோடு நின்றேன்.

அவர் கட்டில் கம்பியைப் பிடித்து, முக்கி முனகி, பாதி தூரம் தானே புரண்டு முதுகைக் காட்டினார்.

"என்னட்டி பாத்துக்கிட்டு நிக்க? இந்தப் பக்கம் யாரு தொடைப்பா?"