கழுவிய சிவப்பு முத்திரை

தபால்தலை சேகரிப்போர் சங்கத்தில் அவளுக்கு வைத்த பெயர் கறைக்காரி. மற்றவர்கள் ராணியின் முகம் பளிச்சென்று தெரிகிற தபால்தலைக்கு அலைய, இவள் மட்டும் அந்த முகத்தின் மேல் விழுந்த முத்திரைக்காக உயிரை விடுவாள். அதுவும் விக்டோரியா காலத்து முத்திரை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். நீள்வட்டக் கோடுகளுக்கு நடுவே தபால் நிலையத்தின் எண் போட்டது, சதுரத்துக்குள் வட்டம் வைத்தது, முகத்தையே மறைத்து அப்பியது என்று வீடெல்லாம் உறைகள். சங்கத்தில் சண்டை போட்டுச் சண்டை போட்டு, இந்த வருடக் கண்காட்சியில்தான் தன் உறைகளை மாட்டி வைக்க ஒரு சட்டகம் வாங்கியிருந்தாள்.

அதில் முதல் இடம் 1840ஆம் வருடத்துக் கடிதம் ஒன்றுக்கு. கருப்புத் தபால்தலை, பாதி அதன் மேலும் பாதி காகிதத்தின் மேலுமாகச் சிவப்புச் சிலுவை முத்திரை.

காலையில் அரங்குக்கு வந்து பார்த்தால், அந்தக் கடிதம் மேசையில் ஈரமாகக் கிடந்தது. தபால்தலை தனியே உரிந்து பளபளத்தது. சிலுவையைக் காணோம்.

"எப்படி இருக்கு? மருந்துத் தண்ணியில ஊற வச்சு நானே எடுத்தேன்" என்றான் அண்ணன். சங்கத் தலைவரே அவன்தான். "அந்த அழுக்கோட வச்சா நாலு பேர் சிரிப்பாங்க. எனக்கும் மானம் இருக்குல்ல?"

அவள் ஈரக் கடிதத்தை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"யாரைக் கேட்டுத் தொட்டே?"

"உன் நல்லதுக்குத்தானே!"

"நல்லதாம் நல்லது! அந்தக் காலத்துல இப்படிக் கழுவி, அதே ஸ்டாம்ப்பைத் திரும்ப ஒட்டினவனைத் திருடன்னு சொன்னாங்கண்ணா."

அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. "வாய் ரொம்ப நீளுது. முதல் இடம் காலியா இருந்தா நடுவருங்க ஒத்துக்க மாட்டாங்க. இந்த வருஷம் விட்டுடு. ஃபிரேமை வேற ஆளுக்குக் குடுத்துடறேன்."

"குடுப்பே, குடுப்பே! நான் பார்த்துட்டு சும்மா இருப்பேன்."

வெளிறிய கடிதத்தையும் மொட்டைத் தபால்தலையையும் அதே முதல் இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கீழே கொட்டை எழுத்தில் எழுதினாள்:

'சிவப்பு முத்திரையைக் கழுவி மோசடி செய்ய முடிந்தது. அதனால்தான் 1841இல் கருப்பு மை வந்தது. இதோ கண்கண்ட சாட்சி. கழுவியவர்: நம் சங்கத் தலைவர்.'

கதவு திறந்ததும் கூட்டம் வேறெங்கும் போகவில்லை. ஒருவர் சத்தமாகப் படிக்க, பின்னால் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் விழுந்தடித்து ஓடி வந்தான்.

"முதல்ல இதைக் கழட்டு!"

"என் கை கழட்டாது. உனக்குத்தான் அடுத்தவங்க பொருளைத் தொட்டுப் பழக்கமாச்சே, நீயே கழட்டு. இத்தனை பேரும் பார்க்கட்டும்."

அவன் கை சட்டகம் வரைக்கும் போயிற்று. கூட்டத்தில் ஒரு பெண், "சார், மறைக்காதீங்க, நாங்க இன்னும் படிக்கல" என்றாள்.

தலைவர் தள்ளி நின்றார்.