மலையை வைத்தவள்

"அதெல்லாம் பெரிய வேலையே இல்ல சார். கம்ப்யூட்டர்ல ஃபில்டர் இருக்கு, தட்டினா அதுவே வரைஞ்சுக்கும். மேப் போட்டவங்க பேருன்னு தனியா எதுக்கு?" என்று கணவர் பதிப்பாளரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது, பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் திரையில் ஒரு மலைக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தவளின் காதில் தெளிவாக விழுந்தது.

அச்சகத்தில் அழைப்பிதழும் விசிட்டிங் கார்டும் வடிவமைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்பவள் அவள். கணவரின் மாயாஜால நாவலுக்காக, வீட்டுக்கு வந்த பிறகும் இந்த இல்லாத நாட்டின் வரைபடத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறாள். ஃபில்டர் மேகம் போலக் கலங்கலாக ஒரு சாம்பல் படத்தைத் தரும். அதைக் கறுப்பு வெள்ளையாகப் பிரித்தால் கடலும் நிலமும். ஒவ்வொரு முறையும் வேறு நாடு. மனதுக்குப் பிடித்த கரை கிடைக்கும்வரை எத்தனையோ நாடுகளை ஈவிரக்கமில்லாமல் அழித்தாள். பிறகு ஓரங்களைப் பிசிறாக்கி, பழைய தாளின் கறையை ஏற்றினாள். கோடு கையால் போட்டது போலத் துளி நடுங்கவேண்டும், குடித்தவன் போட்டது போல ஆகிவிடவும் கூடாது. அந்தத் துளிக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. புத்தகத்தில் தன் பெயரைப் போடச் சொல்லி அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. போடாமல் விடுவார் என்று நினைத்ததும் இல்லை.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் நல்ல தெளிவான கோபம். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. உக்காருங்க. தட்டுங்க."

"என்னத்த?"

"ஃபில்டரைத்தான். அதுவே வரைஞ்சுக்குமாமே."

மாட்டிக்கொண்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் முந்நூறு பக்கம் எழுதிய மனிதர், லேசில் விட்டுக்கொடுப்பாரா? தட்டினார். ஈரச் சுவரில் படர்ந்த பாசி போல ஏதோ வந்தது. மறுபடி தட்டினார். பாசி இடம் மாறியது. வீம்புக்கு ஓர் ஆற்றை இழுத்துப் பார்த்தார்; அது ஒரு கடலில் கிளம்பி இன்னொரு கடலில் போய் விழுந்தது.

"உங்க நாடு ரெண்டாப் போச்சு," என்றாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் தன் வரைபடத்தைத் திரையில் கொண்டுவந்து மலைத்தொடரைத் தொட்டுக் காட்டினாள்.

"மூணாவது அத்தியாயத்துல ராணியோட படை ஏன் சுத்திப் போச்சு?"

"நடுவுல மலை இருந்துச்சு."

"அதை அங்க யாரு வச்சா?"

அந்தச் சுற்றுவழியில்தான் ராணி தொலைந்துபோன தம்பியைக் கண்டுபிடிக்கிறாள். படித்து அழுதேன் என்று பதிப்பாளர் சொன்ன இடம் அது. நாவலின் முதல் வரைவில் மலையும் இல்லை, தம்பியும் இல்லை. இது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

"நீதான்," என்றார். பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எங்க போடறது?"

"கடல்ல நெறைய எடம் இருக்கு."

ஒற்றை விரலால் தேடித் தேடி, கீழ்மூலையில் எறும்பு அளவில் அவள் பெயரை அடித்துவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மவுஸை வாங்கிக்கொண்டாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். ஒரு கப்பல் குறுக்கே நின்றது. அதை இழுத்துக் கரையோரமாக ஒதுக்கிவிட்டு, இன்னும் ஒரு படி பெரிதாக்கினாள்.