சட்டையைக் கழற்றிய நாள்

என் வீட்டுக்காரர் தமிழ்மணி சட்டையோடுதான் குளிப்பார். கல்யாணமான புதிதில் ஓடையில் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம் தெரிந்ததும் அழுகை வந்தது. மார்பு இரண்டும் பெண்களுக்குப் போலப் பருத்திருந்தன. பங்காளி காசி வழியில் பார்த்தாலே, "இன்னாடா, ஜாக்கெட் தெச்சிட்டியா?" என்பான். அவன் வாயில் மண் விழ!

எங்கள் ஊர்க் காளியம்மன் பல்லக்கின் முன்தண்டை என் மாமனார் கோபால்சாமி வீடுதான் தூக்கவேண்டும். தூக்குகிறவர் வெறும் மார்போடு நிற்கவேண்டும். போன வருஷம் மாமனாருக்கு முட்டி போய்விட்டது. மகன் வராவிட்டால் அந்த உரிமை காசிக்குப் போய்விடும். "உசுரே போனாலும் சட்டையக் கழட்ட மாட்டேன்" என்று இவர் மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் விடுகிற ஆளா? வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். எல்லாம் சோதித்த டாக்டர் சிவசங்கரி, "நோய் எதுவும் இல்லை. உள்ளே சின்னக் கருவியை விட்டு, அல்ட்ராசவுண்ட் ஒலியால கொழுப்பை இளக்கி உறிஞ்சிடலாம்" என்றார்.

ஒலி என்றதும் மாமியார் பாஞ்சாலை, மகன் காதுகளில் பஞ்சை அடைத்துவிட்டார். ஆபரேஷன் அறை வாசலில் நர்ஸ் அதை எடுக்கப்போக ஒரே சண்டை.

"கொழுப்பையே கரைக்கிற சத்தம், எம்புள்ள காத வுடுமா?"

"அது காதுக்குக் கேக்காதும்மா."

"கேக்காதது இன்னா சத்தம்?"

டாக்டரே சிரித்துவிட்டார். கடைசியில் பஞ்சை எடுத்துவிட்டுத்தான் அவரை உள்ளே கொண்டுபோனார்கள்.

அக்குள் ஓரம் இரண்டு சின்னத் துளைகள், அவ்வளவுதான். வாரக்கணக்கில் இறுக்கமான பனியனோடு இருந்தார். புளி மூட்டை பக்கம் போனாலே நான் கத்துவேன். டாக்டர் எவ்வளவு எடையும் தூக்கலாம் என்று சொன்ன பிறகுதான் வாயை மூடினேன்.

திருவிழாவன்று காசி முன்தண்டில் கை வைத்து நின்றான். இவர் கூட்டத்துக்கு நடுவே போய்ப் பொத்தான்களைக் கழற்றினார். சட்டையை என்னிடம் நீட்டினார். ஊரே அந்தத் தட்டை மார்பைப் பார்த்தது.

"தள்ளுண்ணா. எங்கப்பா எடம்."

காசி தள்ளி நின்றான். பல்லக்கு எழுந்தது. மாமனார் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். நான் குலவையிட வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. இவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை.

சாமியை இறக்கியபோது மலைக்காற்று சிலீரென்று அடித்தது. சட்டையை நீட்டி, "போட்டுக்குங்க, சளி புடிக்கும்" என்றேன்.

"இருக்கட்டும் கல்பனா. வூடு வரைக்கும் இப்படியே வர்றேன்."

காசி வீட்டு வழியாகத்தான் போனோம். அது சுற்றுவழி.