நானூற்றுப் பன்னிரண்டிலேயே நின்றது

இல்போ இறந்து பன்னிரண்டாவது நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை காப்பி நேரத்தில், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்பது விர்பிக்குத் தெரிந்தது. மனிதர் உயிரோடு இருந்தபோது தெரிந்திருக்கலாம். அந்த ஊரில் அடக்கத்துக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆவது சாதாரணம்; சனிக்கிழமை அவரைப் புதைக்கப் போகிற வாரமாகப் பார்த்துத் தெரிந்து தொலைத்தது.

விர்பி வேலை பார்க்கும் கம்பெனி ஔலு நகரத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள சிற்றூர்களின் வீடுகளுக்குக் குளிர் தாங்கச் சுடுநீர்க் குழாய் வழியே சூடு போகிறதல்லவா, எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கிற சர்வர்களை அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அவற்றில் ஓடுவதில் பாதிக்கு மேல் இல்போ எழுதிய நிரல். பதினோரு வருடம் அவரும் விர்பியும் எதிரெதிர் மேசை. ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசிக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் அதுவே தாராளம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், பிப்ரவரி மாதம், வெளியே மைனஸ் இருபத்தெட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சர்வர் படுத்துவிட்டது. நினைவகம் தீர்ந்துபோய், வேறு வழியில்லாமல் இயந்திரமே நிரலை நிறுத்திவிட்டது. முந்நூறு வீடுகளில் ஐந்து மணி நேரம் சூடு இல்லை. கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் மின் அடுப்பின் கதவைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்த படம் பத்திரிகையில் வந்தது. அப்படிப் படம் வந்துவிட்டால் யார் தலையாவது உருண்டே ஆகவேண்டும்.

விசாரணை அறிக்கையை எழுதியது விர்பி. நிரல் பிடித்துவைத்திருந்த நினைவகம் வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போயிருந்தது, ஒரு நாளும் இறங்கவில்லை. அதைக் கோடு போட்டுக் காட்டி, கீழே ஒரே வரி எழுதினாள்: காரணம், இல்போவின் நிரல் வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தருவதில்லை. எழுதி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

நினைவகம் இப்படித் திரும்பாமல் போவதை அலுவலகத்தில் ஒழுகுகிறது என்பார்கள், அதனால் அதற்குப் பிறகு அவருக்குச் சல்லடை என்று பேர் விழுந்தது. பேர் வைத்தது வேறு யாரோ. ஆனால் காப்பி அறையில் அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் விர்பியும் உண்டு. நிரல் எழுதும் வேலையை அவரிடமிருந்து பிடுங்கி, வாடிக்கையாளர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்கிற வேலையில் போட்டார்கள். வாயே திறக்காத மனிதருக்குப் பேசுகிற வேலை! என்ன புத்திசாலித்தனம் பாருங்கள். ஒன்பது மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார், பிறகு முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார். கிளம்பிய அன்று கேக் வெட்டினார்கள். அவர் ஒரு துண்டும் எடுக்கவில்லை. அதன் பிறகு விர்பி அவருக்கு ஒருமுறைகூடப் போன் செய்யவில்லை. இந்த மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இடைப்பட்ட காலத்தில் கம்பெனி என்ன செய்தது? திங்கள்கிழமைதோறும் காலையில் எல்லா சர்வர்களையும் ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓடவிட்டது. வயிறு வலிக்கிறவனைத் தூங்கவைப்பது மாதிரி ஒரு வைத்தியம். போன மாதம்தான் இல்போவின் நிரலைத் தூக்கிப்போட்டுவிட்டு, புதிதாக எழுதியதை ஏற்றினார்கள். அதிலும் நினைவகம் அதே மாதிரி ஏறியது.

"சல்லடைய எறிஞ்ச பிறகும் ஒழுகுதே, என்ன கர்மம் இது?" என்றார் மேலாளர் தாப்பியோ, அந்த வாரத் திங்கள்கிழமை. செத்தவருடைய பேர் அது என்று நினைவுக்கு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ஒரு சர்வருக்குள் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. அலுவலகத்தில் அதைக் கிடங்குக்காரர் என்பார்கள். நிரல் கேட்டால் கொடுப்பார், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார். வாங்கியதை உடனே இயந்திரத்திடம் ஒப்படைக்காமல், அடுத்த முறைக்கு ஆகும் என்று அடுக்கி வைத்துக்கொள்வதும் உண்டு. அளவு பொருந்தாத துண்டுகள் அப்படியே கிடக்க, இயந்திரத்திடம் புதிதாகவும் வாங்குவார். வெளியிலிருந்து பார்த்தால் நிரல் கையில் இருப்பதும் கிடங்கில் சும்மா கிடப்பதும் சேர்ந்து ஒரே எண்ணாகத்தான் தெரியும். பிரித்துப் பார்க்கவேண்டுமானால் கிடங்குக்காரரைத்தான் கேட்கவேண்டும். கேட்டால் மறைக்கமாட்டார், ஓடுகிற ஓட்டத்திலேயே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளிவிவரம் கொடுப்பார். மூன்று வருடத்தில் அவரை ஒருவரும் கேட்கவில்லை. அறிக்கை எழுதிய விர்பியும் கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் கேட்டாள். ஒரேயொரு சிற்றூரில் இன்னும் பழைய நிரலே ஓடிக்கொண்டிருந்தது, அதையும் சேர்த்துக் கேட்டாள். இல்போவின் நிரல் கையில் இருந்தது நானூற்றுப் பன்னிரண்டு எம்பி, அதாவது மெகாபைட். பத்து நிமிடம் கழித்தும் நானூற்றுப் பன்னிரண்டு. கிடங்கில் கிடந்தது மட்டும் ஆயிரம், ஆயிரத்து இருபது, ஆயிரத்து ஐம்பது என்று ஏறியது. புதிய நிரல் கையிலேயே ஐந்நூற்று முப்பது இருந்தது. இல்போ அதைவிடச் சிக்கனமாக எழுதியிருந்தார்.

கிடங்குக்காரர் ஏன் ஒப்படைக்கவில்லை? அவருக்கான கட்டளைகள் எழுதியிருக்கும் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். "எதையும் திருப்பி ஒப்படைக்காதே" என்ற அர்த்தத்தில் ஒரு வரி. வேகம் கூடும் என்று யாரோ சேர்த்தது. தேதி, சர்வர் படுத்ததற்கு நான்கு வாரம் முன்பு. சேர்த்தவர் பேர், விர்பி.

காப்பி ஆறிப்போனது.

ஔலுவில் சவ அடக்கத்துக்குப் போகிற வேலையிடத்தார், மலர்வளையத்தைப் பெட்டியின் முன் வைத்து, அதன் ரிப்பனில் எழுதியிருப்பதை இறந்தவருக்கு உரக்க வாசித்துவிட்டு, தலைகுனிந்து, வந்து உட்காரவேண்டும். எதிர்மேசைக்காரி என்பதால் வாசிக்க விர்பியைத்தான் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவள் தாப்பியோவின் அறைக்குப் போனாள்.

"அறிக்கையத் திருத்தணும்."

"திருத்து. யாரு வேணாங்கறா? அடுத்த வாரம் உக்காந்து நிதானமாத் திருத்து."

"நாளைக்கு அவரோட ஆளுங்க முன்னாடி சொல்லணும்."

"உனக்கென்ன பைத்தியமா, விர்பி? சவப்பெட்டி முன்னாடி நின்னுக்கிட்டு எம்பி எம்பியா ஒப்பிப்பியா? ரிப்பன்ல இருக்கறத வாசி, குனி, வந்து உக்காரு. ஊர் உலகமே அதத்தானே பண்ணுது."

"ஊர் உலகமே அவரச் சல்லடைன்னுச்சு."

"நீயும்தான் சிரிச்ச."

"ஆமா. அதுக்குத்தான் சொல்றேன்."

தாப்பியோ கெட்டவர் இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "என்னவோ பண்ணு. என்னை மட்டும் பேசச் சொல்லாத," என்றார்.

சனிக்கிழமை தேவாலயத்தில் முப்பது பேர் இருந்தால் அதிகம். முதலில் மகள் சென்யா, பிறகு உறவுக்காரர்கள், பிறகு அண்டைவீட்டார், கடைசியாக வேலையிடம். விர்பியும் தாப்பியோவும் வளையத்தை வைத்தார்கள். எல்லோரையும் போல அவளும் கூட்டத்துக்கு முதுகு காட்டி, பெட்டியைப் பார்த்து நின்றாள். "நல்ல தோழருக்கு, நன்றியுடன்," என்று ரிப்பனை வாசித்தாள். தாப்பியோ தலைகுனிந்தார். அவள் குனியாமல் கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"இல்போ, செவ்வாய்க்கிழம கிடங்குக்காரரக் கேட்டேன். பத்து மணிக்கு உன்னோட நிரல் கையில இருந்தது நானூத்திப் பன்னெண்டு. பத்து பத்துக்கு நானூத்திப் பன்னெண்டு. பத்து இருபதுக்கும் அதேதான். வெள்ளிக்கிழம சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன், நானூத்திப் பன்னெண்ட விட்டு அது ஏறவே இல்ல." தாளை மடித்தாள். "நீ வாங்கினதையெல்லாம் திருப்பிக் கொடுத்துட்ட. கிடங்க அடைச்சுப் போட்டது நான். என் பேர்தான் அதுல இருக்கு. உன்மேல பழியப் போட்டு எழுதினதும் நான்தான். உன் வேலையில தப்பு இல்ல, இல்போ."

தலைகுனிந்துவிட்டுத் திரும்பினாள். யாரோ இருமினார்கள். தாப்பியோவின் கழுத்து சிவந்திருந்தது. விர்பிக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் கொஞ்சம் பாரம் இறங்கினாற்போலும் இருந்தது. அந்தக் கொஞ்சத்துக்கும் ஆயுள் அரை நிமிடம்தான்.

முன்வரிசையிலிருந்து சென்யா எழுந்து வந்தாள். நடுவில் எழுந்து வரும் வழக்கம் அங்கே கிடையாது. பாதிரியார்கூட என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"நீங்க சொன்னது நெசமா?"

"நெசம்."

"ஒரு வரியில கூட தப்பு இல்லியா?"

"ஒரு வரியில கூட இல்ல."

"அந்த நிரல முந்நூறு பக்கம் அச்சடிச்சு வச்சிருக்காருங்க, சமையலறை மேசைல." சென்யா மெல்லத்தான் பேசினாள், ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. "காலைல எழுந்தா பென்சில எடுத்துக்கிட்டு உக்காந்துருவார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ஒரு கோடு. முடிஞ்சா மறுபடியும் முதல்லேர்ந்து. இது நாலாவது தடவ, நூத்தித் தொண்ணூறாம் பக்கத்தோட நிக்குது. விட்டுத்தொலைங்கப்பான்னு நான் சண்ட போட்டிருக்கேன். இல்ல, தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சுட்டா விர்பிகிட்ட போய்க் காட்டலாம், அவ பொறுமையாக் கேப்பாம்பார்."

விர்பி கையிலிருந்த தாளை நீட்டினாள். சென்யா வாங்கி, அந்த எண்களை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். பிறகு பெட்டியின் பக்கம் குனிந்து, காது மந்தமானவரிடம் பேசுவதுபோல் மரத்தோடு வாயை வைத்துச் சொன்னாள்.

"அப்பா, அதுல ஒண்ணுமே இல்லியாம்பா. தேடினது போதும்."