லேபிள் ஒட்டாத பாட்டில்

ஜீவனஹள்ளியில் எங்கள் மொட்டை மாடியில் ஆறு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வைட்ஃபீல்ட் அப்பார்ட்மென்ட் ஒன்றில் தேனும் தேன்மெழுகு லிப் பாமும் விற்பேன். ‘ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது’ என்ற லேபிளை ஒட்டும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். எவனோ சர்க்கரைப் பாகு கலக்கிறான், அதற்கு என் பாட்டிலில் எதற்கு எச்சரிக்கை என்று நினைப்பேன்.

தம்பி கிரணின் பெண் குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று, வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த பாட்டிலைக் கொண்டுபோனேன். அதில் லேபிள் கிடையாது. எங்கள் வழக்கப்படி அத்தைதான் குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்க வேண்டும்.

“அக்கா, இப்போ தேன் கொடுக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொன்னாங்க,” என்று தயங்கினாள் தம்பி மனைவி சுனிதா.

“அது கடைத் தேனும்மா. இது நான் மாடியில எடுத்தது. ஒரு சொட்டு கலப்படம் கிடையாது.”

சுனிதா குழந்தையை என் மடியில் வைத்தாள். நான் மூன்று முறை தொட்டு வைத்தேன். குழந்தை சப்புக்கொட்டியது.

இரண்டு வாரத்தில் அதற்குப் பால் உறிஞ்சத் தெம்பில்லை. அழுகை முனகலாகத் தேய்ந்தது. கண் இமைகள் தொங்கின. இப்போது ஐசியூவில் மிஷின்தான் அதற்காக மூச்சு விடுகிறது.

“சுத்தமான தேன்லயும் ஒரு கிருமி இருக்கலாம், கைக்குழந்தையை இப்படி ஆக்கிடும். குழந்தைக்குத் தேன் ஏதாவது கொடுத்தீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

சுனிதா என்னையே பார்த்தபடி பதில் சொன்னாள்.

“கடைத் தேன் இல்ல, டாக்டர். எங்க அக்கா மாடியில எடுத்தது. ஒரு சொட்டு கலப்படம் கிடையாது.”