ரேஸ் காரிலிருந்து கழற்றியது

தம்பியின் சவப்பெட்டிக்கு முன்னால் நெருக்கிப் போட்டிருந்த நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனாள். உள்ளே அப்பா வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

“வேகம்தாங்க அவனைக் கொன்னுடுச்சு. தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டானா?”

வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவன் எழுந்து பதில் சொல்ல மாட்டான் என்ற தைரியத்தில்தானே ஆளாளுக்குத் தலையாட்டுகிறார்கள்?

மதிலோரம் ஸ்பானர் நின்றான். தம்பியின் கூட்டாளி, அவனுடைய பழைய காரில் பெரிய என்ஜினை மாட்டிக் கொடுத்த மெக்கானிக்; ஸ்பானர் என்பது பட்டப்பெயர். என்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, கேம்ஷாப்ட், வாங்கப் போனபோது இவர்கள் கையிருப்புக்கு இரண்டுதான் தேறின. ஒன்று சாதாரணமாகத் தெருவில் ஓட்டுவதற்கானது. இன்னொன்று ரேஸ் காரிலிருந்து கழற்றியது. விலையும் குறைவு, சீறலும் அதிகம். “இத விட்டா கிடைக்காதுடா” என்று ஆசை காட்டியவன் ஸ்பானர். அதைப் போட்டபின், என்ஜின் மெதுவாக ஓடும்போது பிரேக்குக்கு உதவும் காற்று உறிஞ்சல் போதவில்லை. நாலு தடவை மிதித்தால் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும்.

“மெதுவாத்தானே வந்தான்?” என்றாள்.

“ஆமாக்கா. பின்னாடி பைக்ல நான்தான் வந்தேன். இறக்கத்துல ஊர்ந்துக்கிட்டுதான் இருந்தான். மிதிச்சு மிதிச்சுப் பாத்தான், பிடிக்கல. வண்டி தானா உருண்டு, கீழ நின்ன லாரியில...”

“பெடல் இறுகுதுன்னு உங்கிட்ட சொல்லலையா?”

“சொன்னான். அதுக்குத் தனியா ஒரு பம்ப் வைக்கணும். அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு நான்தான்...”

“எங்கிட்ட எதுக்குடா அழுவுற? உள்ள போய் அந்த மனுஷன்கிட்ட சொல்லு!”

அவன் போனான். நழுவிவிடாமல் அவளும் பின்னாலேயே போனாள். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீயாவது மெதுவா ஓட்டுப்பா.”

ஸ்பானர் தலையாட்டினான். “சரிங்கப்பா.”

சரியாம்! உயிரை விட்டவன் நல்ல பேரையும் சேர்த்து விட வேண்டுமா? அறைந்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு. குனிந்து, அப்பாவின் விரல்களை ஸ்பானரின் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

“விடுங்கப்பா. இவன் சொல்றதக் கேட்டுட்டு அப்புறம் பிடிச்சுக்குங்க.”

நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்பானர் பெட்டியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

“அப்பா, அந்தக் கேம்ஷாப்ட்ட வாங்கச் சொன்னது நான்தாம்ப்பா” என்று ஆரம்பித்தான்.

அப்பாவின் கை நீட்டியபடியே இருந்தது.